அத்தானின் நுரையீரலில் ஒரு வட்ட நிழல்: டிபி மாத்திரையா, ஆபரேஷனா, காத்திருப்பதா?

முக்கூடல் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தானுக்கு 48 வயது, குவைத்தில் லாரி டிரைவர். ஊருக்கு வந்தவர் புது விசாவுக்காக மெடிக்கல் போனபோது, நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே நாணயம் போல ஒரு நிழல் தெரிந்திருக்கிறது. சிடி ஸ்கேனில் 22 மில்லிமீட்டர், விளிம்பு வழவழப்பு, ‘ஹமார்டோமாவாக இருக்கலாம், மற்றவற்றை விலக்க வேண்டும்’ என்று ரிப்போர்ட். ஹமார்டோமா என்பது புற்றில்லாத ஒரு கட்டி. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. சிகரெட் பழக்கம் இருந்தது, நாலு வருடம் முன்பு விட்டுவிட்டார். ஒரு டாக்டர் ஆறு மாதம் டிபி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். சொந்தக்காரர்களோ ஊசி குத்தினாலே பரவிவிடும், தொடவே கூடாது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, பாளையங்கோட்டையில் முப்பது வருடமாக நெஞ்சுநோய் பார்க்கிறவன் என்ற முறையில் முதலில் ஒரு வேலை சொல்கிறேன். அதற்குச் செலவே கிடையாது. அத்தான் இதற்கு முன் குவைத் போகும்போதும் மெடிக்கல் எடுத்திருப்பார் அல்லவா? அந்தப் பழைய எக்ஸ்ரே படம் எங்கே இருக்கிறது? பீரோ மேலே, ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில், பாஸ்போர்ட் நகல்களோடு சுருட்டிவைத்த உறைக்குள் என்று எங்கேயாவது கிடக்கும். தேடி எடுங்கள். (நம்ம ஊரில் பழைய எக்ஸ்ரே படங்களுக்கு ஒரே எதிரி சூரிய கிரகணம்தான். 2019 டிசம்பர் கிரகணத்தன்று பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். கண்ணுக்கும் கேடு, படமும் போச்சு.)

ஏன் இந்தப் பாடு? கணக்கைப் பாருங்கள். உருண்டையான ஒன்றின் குறுக்களவு கால்வாசி கூடினாலே அதன் மொத்தப் பருமன் இரண்டு மடங்காகிவிடும். 20 மில்லிமீட்டர் கட்டி 25 ஆனால் இரட்டிப்பு. நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு மாதத்திலிருந்து 400 நாளுக்குள் ஒருமுறை இப்படி இரட்டிக்கும். இப்போது எட்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் அதே இடத்தில் 15 மில்லிமீட்டர் நிழல் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வளர்ந்து 22 ஆகியிருக்கிறது என்றால், ஒரு இரட்டிப்புக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்திருக்கிறது. அவ்வளவு மெதுவாக நகர்கிற புற்றுநோய் அபூர்வம். கெட்டியான முடிச்சு இரண்டு வருடம் அளவு மாறாமல் நின்றாலே சாதாரணக் கட்டி என்ற பக்கம் தராசு சாய்ந்துவிடும். பழைய படத்தில் அந்த இடம் சுத்தமாக இருந்தால் அதுவும் பெரிய தகவல்தான். அப்போது சோம்பலுக்கு இடமில்லை.

அடுத்தது சிடி. ரிப்போர்ட் தாளை மறந்துவிடுங்கள், படத்துக்கு வருவோம். ஹமார்டோமா என்பது நுரையீரலில் வரும் புற்றில்லாத கட்டிகளில் முக்கால்வாசி. அதாவது இந்த அபூர்வக் கூட்டத்துக்குள்ளே இதுதான் மிகச் சாதாரணமானது. 1904-ல் ஆல்பிரெக்ட் என்ற ஜெர்மன் நோய்க்குறியியலார் (பெத்தாலஜிஸ்ட்) வைத்த பெயர். குறி தவறுதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. நுரையீரலில் இருக்கவேண்டிய பொருள்களே, குருத்தெலும்பு, கொழுப்பு, தசை என்று, முறைதவறி ஓரிடத்தில் குவிந்துவிட்டன என்ற எண்ணத்தில் வைத்தது. பின்னாளில் மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தபிறகு, இதுவும் ஒரு உண்மையான கட்டிதான், பிறவிக் கோளாறு அல்ல என்று ஆகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாற்பது வயதுக்கு மேல், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம், நுரையீரலின் ஓரப்பகுதியில், எந்தத் தொந்தரவும் தராமல், வேறு காரியத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயில் அகப்படும். உங்கள் அத்தான் கதை அப்படியே பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணம் வேறு.

நிரூபணம் எது என்றால் கொழுப்பு. சிடி இயந்திரம் ஒவ்வொரு புள்ளிக்கும் அடர்த்தி எண் கொடுக்கும். தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, கொழுப்பு சுமாராகக் கழித்தல் 40-லிருந்து கழித்தல் 120 வரை. வழவழப்பான விளிம்புள்ள முடிச்சுக்குள் இந்தக் கொழுப்பு எண் தெளிவாக வந்துவிட்டால் ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், ஹமார்டோமா என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஏற்கெனவே சிறுநீரகப் புற்றோ, கொழுப்புத்திசுப் புற்றோ வந்தவர் என்றால் மட்டும் இந்தச் சலுகை இல்லை. கட்டிக்குள் சோளப்பொரி சிதறினாற்போல் சுண்ணாம்புப் படிவு இருந்தாலும் அது ஹமார்டோமாவின் அடையாளம்தான், ஆனால் எல்லோருக்கும் அது இருக்காது. கொழுப்பு ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிப் பேரில் சிலருக்குக் கொழுப்பு இருந்தும் தெரியாமல் போவதற்குக் காரணம் ஸ்கேன் எடுத்த விதம். 5 மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் சின்னக் கொழுப்புத் துளி பக்கத்திலிருக்கும் சதையோடு கலந்து காணாமல் போகும். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிய படங்களில் பார்க்கவேண்டும். பெரும்பாலும் ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டரில் அந்த மெல்லிய சீவல்கள் இருக்கும். கேட்டால் டிஸ்க்கில் போட்டுத் தருவார்கள். மறுபடி ஸ்கேன் எடுக்காமலே விடை கிடைத்துவிட வாய்ப்பு உண்டு.

எண்ணெயும் நுரையீரலில் கொழுப்பாகத்தான் தெரியும் என்பதை இங்கே சொல்லவேண்டும். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் நல்லெண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். பெரியவர்களில் எண்ணெய்க் கொப்பளிப்பு புரையேறுகிறவர்களுக்கும் வரலாம். அது உருண்டையாக வழவழப்பாக இருக்காது என்பதால் அத்தான் விஷயத்தில் கவலையில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஆச்சியிடம் சொல்லிவையுங்கள்.

சரி, டிபி மாத்திரை. நம் நாட்டில் நெஞ்சுப் படத்தில் நிழல் என்றால் டிபி என்று நினைப்பது தப்பில்லை. டிபி கட்டியாகத் திரண்டு நாணயம் போலவே தெரிவதும் உண்டு. அது பெரும்பாலும் மேல்பகுதியில், பக்கத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகளோடு இருக்கும். ஆனால் ‘போட்டுப் பார்ப்போம்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆறு மாத மருந்து கல்லீரலைப் பதம்பார்க்கக்கூடியது. அதைவிட மோசம், அந்த ஆறு மாதமும் உண்மையான விடையைத் தேடாமல் ஓடிவிடும். ஹமார்டோமா இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், ‘மருந்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது’ என்பார்கள். புற்றுநோயாக இருந்தால் வளர்ந்திருக்கும். சளியிலோ, பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) வழியாக எடுத்த கழுவுநீரிலோ, சதைத்துண்டிலோ டிபி கிருமி அகப்பட்டால் மறுநாளே மருந்து தொடங்கலாம். அத்தானுக்குச் சளியே இல்லை, காய்ச்சலும் இல்லை. எதை நம்பி மாத்திரை?

பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஸ்கேன் சர்க்கரையை அதிகம் தின்னும் இடத்தை ஒளிரச்செய்து காட்டும், அவ்வளவுதான். நம் ஊரில் டிபியும் பளிச்சென்று ஒளிரும்; கார்சினாய்டு என்ற மெதுவான புற்றுநோய் சில சமயம் ஒளிராமல் ஏமாற்றும். செலவைப் பார்த்தால் நான் அதை முதல் படியாக வைக்கமாட்டேன்.

ஊசி குத்தினால் பரவுமா? நுரையீரல் ஊசிப் பரிசோதனையில் ஊசி போன தடத்தில் கட்டி முளைப்பது மிக மிக அபூர்வம். அந்தப் பயத்தை விடுங்கள். உண்மையான தொந்தரவு வேறு: ஊசி போன வழியாகக் காற்று கசிந்து நுரையீரல் கொஞ்சம் சுருங்கும். நாலைந்து பேரில் ஒருவருக்கு இது வரும். பெரும்பாலும் தானே சரியாகும், சிலருக்கு மட்டும் குழாய் போடவேண்டிவரும். அப்படி ஆனவர் நுரையீரல் முழுதாக விரிந்து எக்ஸ்ரே சுத்தமானபின் ஒரு வாரமாவது கழித்துத்தான் விமானம் ஏறவேண்டும். அத்தானுக்கு டிக்கெட் போட்டுவைத்திருந்தால் இதை மனதில் வையுங்கள்.

ஊசி போடக்கூடாத நிழல்கள் இரண்டு உண்டு. ஒன்று, ரத்தக்குழாய்கள் முடிச்சிட்டு உருண்டையாகத் தெரிவது. குத்தினால் ரத்தம் கொட்டும். இன்னொன்று ஹைடாடிட் நீர்க்கட்டி. ஆட்டுக்கிடையில் நாயோடு பழகுகிற கீதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் நாய் வழியாக வரும் நாடாப்புழுவின் கட்டி. அதைக் குத்தி நீர் கசிந்தால் உடம்பு முழுக்க ஒவ்வாமை பொங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த சிடி இந்த இரண்டையும் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

ஊசி ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘புற்றுச் செல்கள் இல்லை’ என்றால் சாதாரணக் கட்டி என்று பொருள் இல்லை. ஊசி பக்கத்துச் சதையில் போய் நின்றிருக்கலாம். ‘குருத்தெலும்பும் கொழுப்பும் இருக்கிறது, ஹமார்டோமா’ என்று பெயர் சொன்னால்தான் அது விடை. அதனால் மெல்லிய ஊசியால் நாலு செல்லை உறிஞ்சுவதைவிட, தடித்த ஊசியால் புழு போல ஒரு சதைத்துண்டு எடுப்பதையே நான் கேட்பேன்.

இனி ஆபரேஷன் விஷயம். இங்கேதான் பலரும் பெயரைப் பிடித்துக்கொண்டு இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஹமார்டோமா நுரையீரல் ஓரத்தில் இருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். அதே ஹமார்டோமா மூச்சுக்குழாய்க்குள் முளைத்தால் விடமுடியாது.

அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்காரர் ஒருவர் என்னிடம் வந்தார், அறுபதை நெருங்கும் வயது. ஒரே வருடத்தில் மூன்று தடவை நிமோனியா. மூன்றும் இடது நுரையீரலின் கீழ்மடலில் (மடல் என்பது நுரையீரலின் ஒரு பிரிவு), அதே இடத்தில். இடையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளைப்பு என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். முதுகில் ஸ்டெத்தை வைத்தால் விசில் சத்தம் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்டது. இளைப்பு இரண்டு பக்கமும் பாடும். ஒரு பக்கம் மட்டும் பாடினால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. பிராங்கோஸ்கோபியில் மஞ்சளாக, வழவழவென்று, காம்போடு தொங்கும் ஒரு உருண்டை. லைப்போமா, வெறும் கொழுப்புக் கட்டி. மின்சூடு ஏற்றிய கம்பிக் கண்ணியை அதன் கழுத்தில் மாட்டி அறுத்தெடுத்தார்கள். நெஞ்சைத் திறக்கவே இல்லை. நல்லவேளை, அடைப்புக்குப் பின்னாலிருந்த நுரையீரல் இன்னும் கெட்டுப்போகவில்லை. இன்னும் ஒரு வருடம் தள்ளியிருந்தால் அந்த மடலையே எடுக்கவேண்டி வந்திருக்கும்.

அதே இடத்தில் கோவைப்பழம் போலச் சிவப்பாக ஒன்று தெரிந்தால் கதை வேறு. அது கார்சினாய்டாக இருக்கலாம். அந்தக் காலத்தில் இதை அடினோமா என்று சாதாரணக் கட்டிகளோடு சேர்த்துவைத்திருந்தார்கள். அது தவறு; மெதுவானது என்றாலும் புற்றுநோய்தான், முழுதாக எடுக்கவேண்டும். பரிசோதனைக்குச் சதை கிள்ளியெடுத்தால் ரத்தம் பீறிடவும் செய்யும். அதனால் தயாராக இருக்கிற இடத்தில்தான் கைவைக்கவேண்டும்.

ஹமார்டோமா இல்லை என்றால் வேறு என்னவெல்லாம் இருக்கலாம்? நடுவயதுப் பெண்களில், குறிப்பாகக் கிழக்காசியாவில், அதிகம் பார்ப்பது ஸ்கிளிரோசிங் நியூமோசைட்டோமா. 1956-ல் முதலில் விவரித்தபோது ரத்தக்குழாய்க் கட்டி என்று நினைத்து வேறு பெயர் வைத்தார்கள். காற்றறைகளின் செல்லிலிருந்து வருவது என்று தெரிந்தபின் 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெயரை நிலைநிறுத்தியது. இது ஏன் முக்கியம் என்றால், ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் அவசரப் பரிசோதனையில் இது புற்றுநோய் போல வேஷம் போடும். அதை நம்பி மடல் முழுவதையும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து முழு ரிப்போர்ட் வந்தபின் கையைப் பிசைந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அனுபவமுள்ள நோய்க்குறியியலார் இருக்கும் இடம் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஸ்கேனைப் பார்த்து ஊகிப்பதற்கு எல்லை உண்டு, சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் படிப்பவர்தான் இந்த வியாதிகளில் கடைசி நீதிபதி.

பிள்ளைகளிலும் இளவயதினரிலும் வருவது அழற்சித் தசைநார்க் கட்டி. காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து டிபி போலவே நடிக்கும். இது முழுச் சாதுவும் இல்லை, முழு முரடும் இல்லை. எடுத்தபின் திரும்பவும் முளைக்கலாம். பாதிப் பேருக்கு அல்க் என்ற மரபணு மாற்றம் இருக்கும். அவர்களில் ஆபரேஷனுக்கு எட்டாத கட்டிகளுக்கு கிரிசோட்டினிப் மாத்திரையை 2022-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்குப் பல வருடம் கழித்து இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகத் தெரிவது உண்டு. பார்த்ததும் புற்றுநோய் பரவிவிட்டது என்று வீடே ஒப்பாரி வைத்துவிடும். சதையெடுத்துப் பார்த்தால் கர்ப்பப்பையில் இருந்த அதே சாதாரணத் தசைக்கட்டி. ஹார்மோனை அடக்கினால் சுருங்கும், மாதவிடாய் நின்றபின் பலருக்குத் தானே அடங்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் முடிச்சுகளோடு வருகிற எந்தப் பெண்ணிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘அம்மா, கர்ப்பப்பையில் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?’ என்பதுதான்.

சர்க்கரைக் கட்டி என்று ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் கிளைக்கோஜன் நிறைந்திருப்பதால் வந்த பெயர், நீரிழிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நுரையீரல் உறையிலிருந்து வளரும் தனித்த நார்க்கட்டி, பெயரில் சர்க்கரை இல்லாவிட்டாலும், பெரிதாகிவிட்டால் சிலருக்கு ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளி ஆளை மயக்கம்போட வைக்கும். 1930-லேயே டோகே, பாட்டர் என்ற இருவர் தனித்தனியே இதை எழுதினார்கள். கட்டியை எடுத்த அன்றே சர்க்கரை சரியாகிவிடும். இதிலும் சில முரட்டுக் குணம் காட்டும் என்பதால் எடுத்தபிறகும் வருடக்கணக்கில் பின்தொடரவேண்டும்.

திரும்ப அத்தானிடம் வருவோம். பழைய படத்தையும் மெல்லிய சீவல் சிடியையும் நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவரும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பார்க்கட்டும். கொழுப்பு தெரிந்தாலோ, பழைய படத்தில் மெதுவான வளர்ச்சி உறுதியானாலோ, ஆறு மாதம் கழித்து ஒரு சிடி, அப்புறம் வருடத்துக்கு ஒன்று என்று பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். இரண்டும் இல்லையென்றால் சிகரெட் குடித்த 48 வயதுக்காரரின் 22 மில்லிமீட்டர் முடிச்சைச் சும்மா விடக்கூடாது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கெட்டி முடிச்சுக்கு மூன்று மாதத்தில் மறு சிடி, பெட், சதைப் பரிசோதனை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று என்பது ஃபிளெய்ஷ்னர் என்ற நெஞ்சுப்பட வல்லுநர்கள் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி. இவருடைய வயதையும் புகைப்பழக்கத்தையும் பார்த்தால் நான் சதைப் பரிசோதனைக்குத்தான் போவேன்.

அதிலும் விடை வரவில்லை, அல்லது கட்டி வளர்கிறது என்றால் எடுத்துவிடலாம். ஓரத்துக் கட்டிக்கு நெஞ்சைப் பிளக்கவேண்டியதில்லை. விலா இடுக்கில் இரண்டு மூன்று சின்னத் துளை போட்டு, கேமரா வழியாக, கட்டியோடு ஆப்பு வடிவில் கொஞ்சம் நுரையீரலையும் சேர்த்து எடுப்பார்கள். ஹமார்டோமா சுற்றியுள்ள சதையோடு ஒட்டாது. நுங்கைக் கட்டைவிரலால் நெம்பினால் கண் கழன்று வருமே, அப்படிக் கழன்று வரும். கையில் எடுத்தால் கோலிக்குண்டு போலக் கெட்டி. மூன்றிலிருந்து ஐந்து நாளில் வீட்டுக்குப் போகலாம். லாரி ஸ்டியரிங் பிடிக்க ஒன்றரை மாதம் ஆகட்டும்.

செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று சேரும்முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆலோசனைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கே போகலாம். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறவேண்டிய அவசரம் இதில் இல்லை. போவதாக இருந்தாலும் வெறும் ரிப்போர்ட் தாளையும் போனில் எடுத்த எக்ஸ்ரே போட்டோவையும் கொண்டுபோகாதீர்கள். டிஸ்க், பழைய படம், ஊசிப் பரிசோதனை ஆகியிருந்தால் அதன் கண்ணாடித் தகடும், சதைத்துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியும், இவ்வளவும் ஒரே பையில் இருக்கவேண்டும். தகடும் மெழுகுக் கட்டியும் நோயாளிக்குத் தரவேண்டியவைதான். லேப்பில் தயங்கினால் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள்.